அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால்

பெருமதிப்பிற்குரிய மச்சான் தென்னேரி முருகேசன் அவர்கள் சமூகத்துக்கு, சின்ன காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் தங்கை காந்தாவின் வீட்டுக்காரன் மாணிக்கவேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் சுகம். முட்டிவலி, சர்க்கரை, இருமல் மூன்றும் போன ஐப்பசியோடு சொல்லிவைத்தாற்போல நின்றுவிட்டன. மற்றவர்கள் சுகத்தையும் எழுதியிருப்பேன். ஆனால் வீட்டில் ஒருவரும் என்னோடு பேசுவதில்லை. கேட்டால் பதில் இல்லை, அதட்டினால் அசைவில்லை. தாங்களும் தை மாதம் வரைக்கும் அப்படித்தான் முகம் கொடுக்காமல் இருந்தீர்கள். பொங்கல் கழிந்த பிறகுதான் மனசு இறங்கி, மத்தியான வேளைகளில் வந்து கடைப் பின்கட்டில் உட்கார்ந்து என்னோடு நாலு வார்த்தை பேசுகிறீர்கள். போன வாரம் நீங்கள் வந்திருந்தபோது, கூடப் பிறந்த அண்ணன் வந்திருக்கிறாரே என்று காந்தா ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாளா? உங்களைத் தாண்டிப் போய்த் துணி காயப்போட்டாள். அந்த லட்சணத்தில் இருக்கிறது இங்கே மரியாதை.

விஷயத்துக்கு வருகிறேன். என்னை உயிரோடு அச்சடித்துக் கொல்லப் பார்க்கிறார்கள், மச்சான். நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

உங்கள் மருமகன், அதாவது என் மகன் பிரேம்நாத், கடைக்குக் கம்ப்யூட்டரில் கிளவுடு ஸ்டோரேஜ் என்று ஒன்று போட்டிருக்கிறான் அல்லவா, புடவைப் படம், பில், குடும்பப் போட்டோ எல்லாம் அதற்குள்தான். எங்கேடா இருக்கிறது என்று கேட்டால், "மேல இருக்குதுப்பா" என்று விரலைக் காட்டுவான், அதாவது என்னோடு பேசிக்கொண்டிருந்த காலத்தில். அண்ணாந்து பார்த்தால் ஃபேன்தான் சுற்றும். தேடுகிற கட்டத்தில் ஒரு பெயரைத் தட்டினால் போதும், வரிசையாக வந்து விழும். ஆனால் வந்து விழுவது பொருள் இல்லை, பொருளைப் பற்றிய சங்கதி. பெயர் என்ன, எவ்வளவு பெரிசு, எப்போது ஏற்றியது, ஓனர் யார், கடைசியாகக் கைவைத்தது யார், ஒரு வரி விவரம். இதற்கு மெட்டாடேட்டா என்று பெயராம். இதிலென்ன அதிசயம்? நம் கடையில் ஒவ்வொரு புடவை மடிப்பிலும் ஒரு சீட்டுச் செருகியிருக்கும், எந்தத் தறி, யார் நெய்தது, ஜரிகை எவ்வளவு என்று. அதே சீட்டுதான் இது. ஆயுசு பூராவும் புடவையைப் பிரிக்காமல் சீட்டைப் பார்த்தே வியாபாரம் பண்ணியவன் நான். "பிரிச்சுக் காட்டுங்க" என்று எவளாவது கேட்டால், "சீட்டப் பாரும்மா, பிரிச்சா மடிப்பு பூடும்" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். ஆகவே இந்த ஸ்டோரேஜிலும் எதையும் திறந்து பார்க்கிற வழக்கம் எனக்கில்லை.

என் சின்ன மகள் பிரியதர்ஷினிக்கு ஏனாத்தூரில் மாப்பிள்ளை பார்த்து ஆவணியில் கல்யாணம் என்று முடிவு செய்தது உங்களுக்குத் தெரியும். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வருஷம் திரும்பறதுக்குள்ள முடிச்சிடணும்" என்று காந்தா ஒற்றைக்காலில் நிற்கிறாள். என்ன வருஷம், எதற்குத் திரும்புகிறது, யாரும் சொல்லவில்லை. சரி, பத்திரிகையிலாவது என் பெயரை ஒழுங்காகப் போட்டிருக்கிறார்களா பார்ப்போம் என்று, எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என் பெயரைத் தட்டினேன்.

முதலில் வந்தது "அப்பா ஃபிரேம்". போட்டோ, ரொம்பப் பெரிய சைஸ், ஏற்றியது ஐப்பசியில், ஓனர் பிரேம்நாத். முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் பயல் என் படத்தைப் பெரிசாக்கி மாட்டத்தான் பார்த்திருக்கிறான், பாசம் எங்கே போகும்? அடுத்தது "அப்பா சர்டிபிகேட், ஆறு காப்பி". விவரம் என்ற இடத்தில் மாநகராட்சி என்றிருந்தது. வீட்டு வரியை ஒரு தடவைகூடத் தாமதிக்காமல் கட்டியவன் நான், அதற்காகப் பாராட்டிக் கொடுத்திருப்பார்கள். பேங்குக்கு ஒன்று, இன்ஷூரன்சுக்கு ஒன்று என்று காப்பி எடுத்து என் பெருமையைக் காட்டியிருக்கிறான். எனக்குக் காட்டத்தான் அவனுக்கு மனசு வரவில்லை.

மூன்றாவதாக வந்தது "பிரியா பத்திரிகை". விவரத்தில் இருந்த வரியை அப்படியே எழுதுகிறேன்: தெய்வத்திரு மாணிக்கவேல் – காந்தா தம்பதியரின் இளைய குமாரத்தி. மச்சான், உயர்திரு என்று போட வேண்டிய இடத்தில் தெய்வத்திரு! செத்தவனுக்குப் போடுகிற வார்த்தையை, குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிற எனக்குப் போட்டிருக்கிறார்கள். இது இப்படியே அச்சாகி ஊரெல்லாம் போனால், முகூர்த்தத்தில் தாரை வார்க்க என்னை மணையில் உட்கார விடுவார்களா? என் தம்பி சிட்டிபாபுவையும் அவன் பெண்டாட்டியையும் உட்கார வைப்பதாக ஏற்கெனவே பேச்சு அடிபடுகிறது. பிரியா என் மகள். அவள் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டியவன் நான். இவ்வளவு அவமானத்துக்கும் நடுவில் இந்த வீட்டைவிட்டு நான் போகாமல் இருப்பதே அதற்காகத்தான்.

உடனே விவர வரியில் அந்த வார்த்தையை அடித்துவிட்டு உயர்திரு என்று போட்டேன். மறுநாள் பார்த்தால் மறுபடியும் தெய்வத்திரு, கைவைத்தது பிரேம்நாத். நான் மாற்ற, அவன் மாற்ற, நான் மாற்ற, இப்படியே போனது. கடைசியில் ஒரு மத்தியானம் அவன் வெளிறிப்போய்த் தங்கையைக் கூப்பிட்டான்.

"பிரியா, நீதான் திரும்பத் திரும்ப மாத்திக்கினு இருக்கியா?"

"ஒரே ஒரு தபா மாத்தினேண்ணா. எனக்கு அந்த வார்த்தயப் பாக்க முடியல. அப்புறம் நீ சொன்னேன்னு வுட்டுட்டேன்."

"அப்ப இது யாரு? இத பாரு, கடைசியா மாத்தினது மாணிக்கவேல்னு காட்டுது. அப்பா பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

நான் அவன் தோளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். "எனக்குத்தான்டா தெரியும், மடையா! என் பாஸ்வேர்டு எனக்குத் தெரியாம எதிர்வீட்டுக்காரனுக்கா தெரியும்?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தரும் திரும்பவில்லை. பிரியா மட்டும் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஏசியக் கொறைண்ணா, ரொம்பக் குளுருது."

"ஏசி போடவே இல்லையே" என்றான் பிரேம்நாத்.

சத்தம் கேட்டுக் காந்தாவும் உள்ளே வந்து, கம்ப்யூட்டரில் என் பெயரைப் பார்த்தாள். பிறகு, "அத்த அழிக்காதடா. அப்படியே இருந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு வார்த்தையைத் திருத்தியதற்கு இவ்வளவு அழுகையா? நான் பக்கத்தில் போய், "இன்னாத்துக்கும்மா அழுவுற, நான்தான் மாத்தினேன்" என்றேன். இன்னும் அதிகமாக அழுதாள்.

அன்றைக்கே பிரேம்நாத் என் ஐடியை எடுத்துவிட்டான். இப்போது கடையின் பழைய படங்கள் எதைத் தேடினாலும் ஓனர் என்ற இடத்தில் "நீக்கப்பட்ட பயனர்" என்று வருகிறது. நான் கட்டிய கடை, நான் வாங்கிய கல்லா, நான் நீக்கப்பட்டவன்! ஆனாலும் எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி எப்போதும்போலத் திறக்கிறது. எப்படி என்று கேட்காதீர்கள், எனக்கே புரியவில்லை.

சாப்பாட்டுக் கொடுமையையும் சொல்லிவிடுகிறேன். அமாவாசைக்கு அமாவாசை காந்தா எனக்குப் பிடித்த வாழைக்காய் வறுவல், வடை, பாயசம் எல்லாம் செய்கிறாள். செய்து, எனக்கு இலை போடாமல், மொட்டைமாடிக்கு எடுத்துப் போய்க் காக்காயைக் கூப்பிடுகிறாள். அது வரும்வரைக்கும் யாரும் வாயில் பருக்கை வைப்பதில்லை. வந்தால், "வந்துட்டீங்களா" என்று காக்காயிடம் கேட்கிறாள். பக்கத்தில் நிற்கிற என்னை விட்டுவிட்டுக் காக்காய்க்கு இந்த மரியாதை! அந்தக் காக்காயும் வடையைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் நகர்ந்த பிறகுதான் தின்றது.

ஆகையால் மச்சான், தாய்மாமன் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. நீங்கள் அச்சகத்துக்கு நேரில் போய், "எங்க மச்சான் உசுரோட இருக்காரு, பத்திரிகைய மாத்துங்க" என்று சொல்லி உயர்திரு போட வைக்க வேண்டும். இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க ஆளில்லை, அதனால் இந்தப் பெட்டியிலேயே விட்டுவைக்கிறேன். மத்தியானம் வரும்போது படித்துக்கொள்ளுங்கள். தங்கள் ஏரி நிறைந்து, களம் நிறைந்து, பிள்ளைகுட்டிகள் நோய்நொடியின்றி இருக்க வரதராஜப் பெருமாளை வேண்டுகிறேன். வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

தங்கள் அன்புள்ள,
உயர்திரு மாணிக்கவேல்

பின்குறிப்பு: மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். பத்திரிகையின் வாசகத்தை முழுசாக எழுதிக் கொடுத்தால் அச்சகத்தில் பேச உங்களுக்கு வசதியாக இருக்குமே என்று, ஆயுசில் முதல் தடவையாகச் சீட்டை விட்டுவிட்டுப் புடவையைப் பிரித்தேன். மூன்றையும் திறந்தேன். ஃபிரேமில் சந்தனமாலையோடு நான் இருக்கிறேன், கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி. சர்டிபிகேட் வரி கட்டியதற்குக் கொடுத்தது இல்லை. சீட்டில் ஒரு தப்பும் கிடையாது மச்சான், பிரித்துப் பார்க்கத்தான் எனக்குத் தைரியம் இருந்ததில்லை. கொஞ்ச நேரம் அழுதேன். கன்னம் நனையவில்லை.

பத்திரிகையை அடிவரைக்கும் படித்தேன். தாய்மாமன் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. அதற்கு முன்னாலும் அதே வார்த்தை. பொங்கல் கழிந்ததும் நீங்கள் ஏன் என்னோடு பேச ஆரம்பித்தீர்கள் என்று இப்போதுதான் விளங்குகிறது. உங்களுக்கு யாராவது ஏற்கெனவே சொல்லியிருந்தால் சரி. இல்லையென்றால், இப்படிக் கடிதத்தில் சொல்ல நேர்ந்ததற்கு மன்னிக்க வேண்டும்.

அச்சு அப்படியே போகட்டும். சிட்டிபாபுவே மணையில் உட்காரட்டும், பாவம், அவனுக்கும் அண்ணன் போன துக்கம் இருக்கும். நீங்கள் முகூர்த்தத்துக்கு முன்னாலேயே வந்துவிடுங்கள். முதல் வரிசையில் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். அவன் பிரியா கையைப் பிடித்துக் கொடுக்கிற நேரத்தில் நான் எழுந்து போய் அவள் கைமேல் என் கையை வைத்துக்கொள்வேன். அவளுக்குக் குளிரும். யார் என்று தெரிந்துகொள்வாள்.