அழ விடக் கூடாத பிள்ளை

"மேளம் வேண்டாம், போயிட்டு வாங்க" என்று ராசாங்கம் மேளக்காரர்களை அனுப்பிவைத்தபோது, நல்ல நேரம் முடிய இன்னும் முக்கால் மணி இருந்தது.

"காது குத்துக்கு மேளம் இல்லாமயா மாப்ள?" என்றான் மைத்துனன் சாமிக்கண்ணு. தாய்மாமன் என்பதால் அய்யனார் கோயில் வாசலில் அவன் மடியில்தான் வேம்பு உட்கார்ந்திருந்தாள், மொட்டைத் தலையும் சந்தனமுமாக.

"பிள்ளை சத்தத்துக்குத் திடுக்கிடும் மச்சான். குறைமாசம்."

வேம்பு ஏழாம் மாதத்தில் பிறந்தவள். அரியலூரில் ஓர் ஆஸ்பத்திரியில், பஞ்சுக்கு நடுவே ஒன்றரைக் கிலோவாகக் கிடந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது நர்சம்மா, எடை ஏறுகிற வரைக்கும் ரொம்ப அழ விட வேண்டாம், பிள்ளை களைத்துப் போகும் என்று சொல்லியிருந்தார். தாய் மலர்க்கொடி அதை மூன்று மாதம் கடைப்பிடித்தாள். ராசாங்கம் ஐந்தாவது வருஷமாகக் கடைப்பிடித்து வருகிறான்.

நடை பிந்தியது, பேச்சு பிந்தியது, எல்லாம் உண்மைதான். மூன்று வயதிலேயே மற்றப் பிள்ளைகளோடு சமமாகிவிட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராசாங்கம் நம்பவில்லை. அவள் அடம் பிடித்தாலும் குறைமாசம், பக்கத்து வீட்டுக் கோழியைப் பானைக்குள் போட்டு மூடினாலும் குறைமாசம். "வயித்துல இருக்க வேண்டிய மூணு மாசத்தை வெளியில ஆடித் தீக்குது" என்று ஊரார் சிரித்தார்கள்.

அவன் செந்துறை - அரியலூர் பஸ்ஸில் கண்டக்டர். படிக்கட்டில் தொங்குகிற இளவட்டங்கள் அவன் குரலுக்கே உள்ளே ஏறிவிடுவார்கள். அதே ஆள், வேம்பு உதட்டைப் பிதுக்கினால் தானும் பிதுக்குவான். அவளாவது அதோடு நிறுத்திக்கொள்வாள். அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

காது குத்துவது ஒற்றைப்படை வயதில்தான். முதல் வயதில் வேண்டாம் என்று தள்ளிப்போட்டான். மூன்றாம் வயதில் இதே அய்யனார் கோயில் வரை வந்து, ஊசியைக் கண்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். இது ஐந்து. இந்தத் தடவையும் குத்தாவிட்டால் இனி மாமன் மடியும் கிடையாது, தங்கச்சியோடு பேச்சும் கிடையாது என்று சாமிக்கண்ணு தன் ஊரான குன்னத்திலிருந்தே சொல்லியனுப்பியிருந்தான். அவன் சொன்னால் செய்கிறவன்.

மேளத்தை அனுப்பியது தப்பாகப் போயிற்று. அந்த அமைதியில் இராமலிங்க ஆசாரி பெட்டியைத் திறந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"மேளம் எதுக்குன்னு நெனச்சீங்க தம்பி?" என்றார் ஆசாரி. "பிள்ளை அழுவுறது பெத்தவங்க காதுல விழாம இருக்கத்தான்."

ராசாங்கத்துக்குக் கண் கலங்கியது. உடனே வேம்பு ஆரம்பித்தாள்.

"பழம்."

வாழைப்பழம் வந்தது. அவள் தின்னவில்லை. அப்பாதான் தின்ன வேண்டுமாம். தின்றான். இன்னொன்று என்றாள். அதையும் தின்றான். நாலாவது பழத்தில் விக்கல் பிடித்துக்கொண்டது. விக்கலில் கண்ணில் இன்னும் தண்ணீர் வந்தது. வேம்பு அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"விசில் ஊதுப்பா."

லீவு நாளிலும் அவன் சட்டைப்பையில் விசில் இருக்கும். சாலையோரத்தில் அவனுடைய பஸ் அப்போதுதான் வந்து நின்றிருந்தது. கூரையில் ஏற்றி வந்த மாமன் சீரை இறக்கக் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்த மாற்றுக் கண்டக்டர், தண்ணீர் குடிக்கக் கீழே வந்திருந்தார். பதினோரு வருஷப் பழக்கம். யோசிக்காமல் விசிலை வாயில் வைத்தால் ராசாங்கத்துக்கு இரண்டு தரம்தான் ஊத வரும். ஊதினான்.

இரட்டை விசில் கேட்டால் வண்டியை எடுப்பதுதான் டிரைவர் அரியமுத்துவின் வழக்கம். எடுத்தார். பட்டுப் பாவாடை, பழத்தட்டு, அண்டா எல்லாம் அரியலூர் பார்க்கப் போயின.

"என் சீரு போவுது" என்று சாமிக்கண்ணு பிள்ளையோடு எழுந்தான். "வேணும்னே ஊதினீங்க மாப்ள. சீரு இல்லன்னு சாக்குச் சொல்லி மறுபடியும் தள்ளிப்போடத்தானே?"

ராசாங்கம் அய்யனார் மேல் சத்தியம் செய்தான். நடுவில் இரண்டு விக்கல் வந்ததால் யாரும் நம்பவில்லை.

"இன்னும் இருவது நிமிசந்தான் இருக்குங்க" என்றாள் மலர்க்கொடி, புருஷனையும் அண்ணனையும் மாறிமாறிப் பார்த்து.

தீர்ப்பு மாமன் இடுப்பிலிருந்து வந்தது.

"அப்பா, நீ போயி பஸ்ஸைப் புடிச்சிட்டு வா."

"நீ அழுதீன்னா?"

"போப்பா."

யாருடைய சைக்கிளையோ பிடுங்கிக்கொண்டு ராசாங்கம் பறந்தான். வண்டியை நிறுத்துகிற ஒற்றை விசிலை வழியெல்லாம் ஊதினான். நின்றவை இரண்டு மாட்டுவண்டிகளும் ஒரு தபால்காரரும்தான். பஸ்ஸோ, காசு வாங்க ஆளில்லை என்று பயணிகள் கூச்சல் போட்டதில் தானே திரும்பி எதிரே வந்தது. அதன் படிக்கட்டில் தொங்கியபடி ராசாங்கம் கோயில் வந்து சேர்ந்தான்.

வேம்புவின் இரண்டு காதிலும் தங்கக் கம்பி மின்னியது.

"அழுதாளா?"

"மூச்சுக் காட்டலிங்க" என்றாள் மலர்க்கொடி.

ராசாங்கம் அங்கேயே குந்தி, துண்டில் முகத்தைப் புதைத்துத் தேம்பினான். பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சாமிக்கண்ணுவே சீரை மறந்து, "விடுங்க மாப்ள" என்றான்.

வேம்பு மாமன் மடியிலிருந்து இறங்கி வந்தாள். ஒரு பழத்தை உரித்து அப்பா வாயில் திணித்தாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அவன் முதுகைத் தட்டிவிட்டு ஆசாரியிடம் திரும்பி வந்தாள்.

ஆசாரி பெட்டியை மூடியபடி குனிந்து கேட்டார். "ஏம்மா, நெசமா வலிக்கலியா?"

"ரொம்ப வலிச்சுது தாத்தா."

"பின்ன ஏன் அழுவல?"

வேம்பு ஒருமுறை திரும்பிப் பார்த்து, அப்பாவுக்குக் கேட்காது என்று தெரிந்துகொண்டு, அவர் காதருகே வந்தாள்.

"நான் அழுதா அப்பாவும் அழுவும். அது குறைமாசம் தாத்தா, அழ விடக் கூடாது."