ரிவர்ஸ் அண்ணி

"படிங்க. சத்தமா படிங்க."

அண்ணி போனை வீட்டுக்காரரின் மூக்குக்கு நேராக நீட்டினாள். கார் கம்பெனியிலிருந்து வந்த மெசேஜ். கியர்பாக்ஸில் தயாரிப்புக் குறை இருக்கலாமாம். மேட்டில் ஏறும்போது கியர் தானாகக் கழன்று வண்டி பின்னால் உருளலாமாம். ஓட்டாமல் சர்வீஸ் சென்டருக்குச் சொல்லி அனுப்பவும், வருந்துகிறோம் என்று முடிந்திருந்தது.

வருந்துகிறார்களாம். எப்போது? எல்லாம் முடிந்து இரண்டு வருஷம் கழித்து.

அன்றைக்கு வாசல் சரிவில் அண்ணி வண்டியை ஏற்றினாள். அது பின்னால் உருண்டு, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு ஆடிட்டரின் கேட்டில் போய் இடித்தது. "கியர் போட்டுத்தான் இருந்தேன்" என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள். யார் கேட்டார்கள்? கொழுந்தன் சாயங்காலத்துக்குள் 'ரிவர்ஸ் அண்ணி' என்று பேர் வைத்துவிட்டான். சொந்தபந்தம் பூராவும் அதுவே நிலைத்தது. சாவி வீட்டுக்காரர் பாக்கெட்டுக்குப் போயிற்று. அண்ணியின் சம்பளத்தில் தவணை கட்டி, அண்ணியின் பேரில் வாங்கின வண்டி. அதில் அவர் ஏசி போட்டுக்கொண்டு ஆபீஸ் போக, அவள் ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டருக்கு இரண்டு பஸ் மாறிப் போனாள். வயிறு எரியுமா எரியாதா?

"சரி விடு. நானே ஒருநாள் லீவு போட்டு ஓட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வரேன்," என்றார் வீட்டுக்காரர்.

"ஓட்டக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"நான் ஓட்டினா ஒண்ணும் ஆகாது."

அவ்வளவுதான். அண்ணிக்குச் சுர்ரென்று ஏறியது. மெசேஜைக் குடும்ப குரூப்பில் போட்டாள். கொழுந்தன் உடனே பதில் போட்டான்: 'பாவம் அண்ணி, கியர் வாயில்லா ஜீவன்.' வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள் வந்தன. மாமியாரும் ஒன்று போட்டார். அவருக்குப் பொம்மை போடத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நாளைக்குக் கம்பெனிக்காரன் வாயாலயே சொல்ல வைக்கிறேன். அப்புறம் சாவி என் கைக்கு வரணும். எல்லாரும் சாட்சி," என்று அண்ணி குரலைப் பதிவு செய்து அனுப்பினாள்.

மறுநாள் வண்டியை ஏற்றிப்போக லாரி வந்தது. லாரிக்காரர் வாகாக நிறுத்துகிறேன் பேர்வழி என்று பின்னால் எடுத்து, ஆடிட்டரின் புது கேட்டைச் சப்பையாக்கினார். ஆடிட்டர் பாதி ஷேவிங்கில் ஓடிவந்தார்.

"மறுபடியுமாம்மா?"

"நான் வண்டியிலயே இல்ல சார். இங்க நிக்கிறேன்."

"ஓ, இப்பல்லாம் வெளியில நின்னே இடிக்கிறீங்களா?"

அவர் எடுத்த போட்டோ, லாரி தெருமுனை திரும்புவதற்குள் கொழுந்தன் வழியாகக் குரூப்புக்கு வந்துவிட்டது.

சர்வீஸ் சென்டர் மேனேஜர் டை கட்டியிருந்தார். அவர் பேச்சும் அப்படித்தான், கழுத்தை இறுக்கியது.

"குறை இருக்கலாம்னுதான் மேடம் சொன்னோம். உங்க வண்டியில இருந்துச்சுன்னு சொல்லலையே."

"அப்ப பார்த்துச் சொல்லுங்க. நான் நகர மாட்டேன்."

அண்ணி வீடியோ காலில் குடும்பத்தையே கூப்பிட்டாள். மாமியார் நெற்றி மட்டும் தெரிந்தது. கொழுந்தன் எதையோ கொறித்துக்கொண்டே வந்தான். வீட்டுக்காரர் முகம் மட்டும் வருவதும் மறைவதுமாக இருந்தது. ஆபீஸில் சிக்னல் சரியில்லையாம்.

மெக்கானிக் வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"இதுல குறை ஒண்ணுமில்ல மேடம். கியர்பாக்ஸ் நல்லா இருக்கு."

மேனேஜர் முகம் மலர்ந்தது. போனுக்குள் கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். அண்ணிக்கு இனி ஆயுசுக்கும் பஸ்தான், ஆயுசுக்கும் அந்தப் பேர்தான்.

"நல்லாப் பார்த்தீங்களா? கழண்டது எனக்குத் தெரியும்ங்க. என் கைக்குத் தெரியும்," என்றாள். குரல் உடைந்தது.

"பழசு கழண்டுச்சுதான் மேடம், யாரு இல்லேன்னாங்க? அதான் அந்தக் கேட்டுல இடிச்ச வாரமே உங்க வீட்டு சார் கொண்டாந்தாரு, நான்தான் வேற மாத்திக் குடுத்தேன்," என்றார் மெக்கானிக். "வீட்டுல மட்டும் மூச்சு விட்டுடாதப்பா, தெரிஞ்சா அவ வண்டியைத் திருப்பிக் கேப்பான்னாரு."