மூணு கோட்டுத் துப்பாக்கியும் ரைஃபிள் அண்ணாச்சியும்

சோவியத் யூனியன் உடைந்ததால் நஷ்டப்பட்டவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். லாபம் அடைந்தவர் என்று எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் மெக்கானிக்காக இருந்தார். ஊருக்குள் அவர் பெயர் ரைஃபிள் அண்ணாச்சி. ரேஷன் கார்டில் வேறு ஏதாவது பெயர் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்கிற இடத்தைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. முதலாளி முதல் குச்சி அடுக்குகிற அக்கா வரை எல்லாரும் போவது ஆபீசுக்குத்தான். அப்படிப்பட்ட ஆபீஸ் ஒன்றில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், குச்சி அடுக்கும் மெஷினில் ஒரு பல்சக்கரம் உடைந்தது. பழைய இரும்புக் கடைகளில் தேடிப் பார்த்து வாங்கி வரச் சொல்லி முதலாளி அண்ணாச்சியைத் தூத்துக்குடிக்கு அனுப்பினார்.

அனுப்பியது தப்பு. துறைமுகத்தில் அப்போது, சோவியத் உடைந்த பிறகு விற்றுத் தள்ளிய பழைய இரும்பு கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குவியலில் அண்ணாச்சி பல்சக்கரத்தைத் தேடினார். கிடைத்தது, கேஸ் கட்டிங்கால் மூன்று துண்டாக வெட்டிப் போட்ட ஒரு துப்பாக்கிக் குழல். துடைத்துப் பார்த்தால் அதன் மேல் ஒரு நட்சத்திரம், அதற்குக் கீழே 1938 என்று வருஷம். பல்சக்கரம் எங்கே என்று முதலாளி கேட்டதற்கு அண்ணாச்சி சொன்ன பதிலை அந்த ஆபீசில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

"மொதலாளி, பல்சக்கரம் நாளைக்கும் கெடைக்கும். இது நாளைக்கு உலைக்குப் போயிரும்லா."

மெஷின் இரண்டு நாள் சும்மா நின்றது. முதலாளி மூன்றாம் நாள் வேறு ஆளை அனுப்பினார்.

நான் அப்போது போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தேன். பாடம் படிக்க வருகிறவர்களைவிடப் புகார் மனு அடிக்க வருகிறவர்கள்தான் அதிகம். அண்ணாச்சியும் அப்படித்தான் எனக்குப் பழக்கமானார். அந்தக் குழலைச் செய்த, தூலா என்கிற ஊரில் இருக்கும் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் அடிக்க வேண்டுமென்று வந்தார். விலாசம் கேட்டேன். 'தூலா, ரஷ்யா' என்றார். தெரு என்று கேட்டதற்கு, அவ்வளவு பெரிய தொழிற்சாலை தபால்காரனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். பதில் வரவில்லை. தபால்காரர் மேல்தான் இன்றுவரை அவருக்குச் சந்தேகம்.

அந்தத் துப்பாக்கிக்கு ரஷ்யாவில் 'மூணு கோடு' என்று பெயராம். குழலின் துவாரத்தை அவர்கள் பழைய காலத்துக் கோட்டுக் கணக்கில், அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு ஒரு கோடு என்று அளந்தால் மூன்று கோடு வருமாம். இதை அண்ணாச்சி எனக்குச் சொன்னது ஏறக்குறைய இருநூறு தடவை இருக்கும். இதற்காகவே பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு ரஷ்ய அகராதி வாங்கி, எழுத்துக் கூட்டி வாசிக்கவும் பழகியிருந்தார்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை தூத்துக்குடி. குழல் ஒரு மாதம் கிடைத்தால் விசை நாலு மாதம் கழித்துக் கிடைக்கும். அடிக்கட்டை கிடைக்கவே கிடைக்காது. அதை வேப்ப மரத்தில் தானே செதுக்குவார். வெட்டுப்பட்ட மூன்று துண்டையும் அந்தக் கட்டைக்குள் வரிசையாக வைத்துப் பித்தளைப் பூண் போட்டு இறுக்கிவிட்டால், பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவனுக்கு முழுத் துப்பாக்கி. கைதேர்ந்த மெக்கானிக்தானே, வெல்டு வைத்து ஒட்டிவிடலாமே என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. வெட்டுப்பட்டதை வெட்டுப்படாததுபோல் காட்டுவது ஏமாற்று வேலை என்றார்.

இப்படி ஏழெட்டு வருஷத்தில் எட்டு சேர்ந்தது. ஒவ்வொன்றையும் அதன் வருஷத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "முப்பத்தெட்டு நல்ல குணம். நாப்பத்திரெண்டுதான் கொஞ்சம் முரடு" என்பார். நாற்பத்திரண்டின் மேல் அரம் போட்ட தடம் அப்படியே இருக்கும். ஜெர்மன்காரன் வாசலில் வந்து நிற்கும்போது எவன் உட்கார்ந்து மழுமழுவென்று ராவிக்கொண்டிருப்பான் என்று அதற்காக நம்மிடம் வாதாடுவார். அந்த எட்டும் வீட்டில் இருந்த ஒரே கட்டிலில் படுத்திருந்தன. அண்ணாச்சியும் அவர் மனைவி மதினியும் தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள்.

மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொறுமைசாலி என்று சொன்னால் அது பொய். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக எட்டையும் ஒரு தடவை வைதுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். மதினி நிஜமாகவே பத்திரகாளி ஆனது கிரீஸ் விவகாரத்தில். ரஷ்யாக்காரன் துரு ஏறாமல் இருக்கத் துப்பாக்கியில் ஒரு கிரீஸைப் பூசித்தான் கிடங்கில் வைப்பானாம். அது இறுகிப்போனால் மண்ணெண்ணெய் போட்டாலும் லேசில் போகாது, வெயிலில் காய வைக்க வேண்டும். வெயிலுக்கு நம் ஊரில் என்ன குறை? சித்திரை மாதம் மொட்டை மாடியில் அண்ணாச்சி நான்கு குழலை வரிசையாகக் காய வைத்தார். பக்கத்திலேயே மதினி ஒரு வருஷத்துக்கான மிளகாய் வத்தலைக் காயப் போட்டிருந்தார். கிரீஸ் உருகி ஓடி எங்கே போய் நின்றிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருஷம் பூராவும் அவர்கள் வீட்டுக் குழம்பில் ஸ்டாலின்கிராட் மணந்தது. நானே ஒருநாள் சாப்பிட்டிருக்கிறேன்.

சிவப்புத் துண்டு போட்ட தோழர்கள் சிலர், ரஷ்யா ரஷ்யா என்கிறாரே, நம்ம ஆள் போலிருக்கிறது என்று நினைத்து அவரை ஒரு கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். ஒன்றரை மணி நேரம் பேசினார். முழுக்க விசையையும், குண்டைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டுகிற போல்ட்டையும் பற்றி. கடைசியில் ஒருவர் எழுந்து, இந்த நாட்டில் புரட்சி எப்போது வரும் என்று அவர் கருத்தைக் கேட்டார். "மொதல்ல போல்ட் ஒழுங்கா விழணும் தோழர்" என்றார் அண்ணாச்சி. அதோடு அவரை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை.

நாகலாபுரம் பக்கத்திலிருந்து ஒரு சம்சாரி வந்தார். விவசாயியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மக்காச்சோளக் காட்டில் பன்றித் தொல்லை தாங்கவில்லை, சுடாவிட்டாலும் பரவாயில்லை, காட்டிப் பயமுறுத்த ஒன்றைக் கொடுங்கள் என்று கேட்டார். அண்ணாச்சி கட்டிலை ஒரு பார்வை பார்த்தார். "பன்னிக்கெல்லாம் குடுக்க முடியாது. ஜெர்மன்காரன் வந்தாம்னா சொல்லி விடுங்க" என்று அனுப்பிவிட்டார்.

இதெல்லாம் வேடிக்கைதான். ஆனால் அண்ணாச்சிக்கு உள்ளுக்குள் ஒரு புண் இருந்தது. அது தேர்தல் வந்தால் வலிக்கும்.

தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிற சம்சாரிகள் எல்லாரும் அதை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். இது எங்கள் பக்கத்துச் சடங்கு. சைக்கிளிலும் பஸ்ஸிலும் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவருவார்கள். அண்ணாச்சியும் போவார். எட்டையும் மதினியின் பழைய சேலையில் சுற்றி, மொபெட்டில் கட்டி, வரிசையில் நிற்பார். யாரும் கூப்பிடவில்லை, லைசென்ஸும் கிடையாது. அவருக்கு வேண்டியதெல்லாம் ரசீது. அரசாங்க முத்திரை போட்ட காகிதத்தில் 'ரைஃபிள், எட்டு' என்று ஒருவன் எழுதித் தர வேண்டும். ஏட்டையா நல்ல மனுஷன். ஒவ்வொரு தடவையும் டீ வாங்கிக் கொடுத்து, "இரும்புக்கெல்லாம் ரசீது கெடையாது அண்ணாச்சி" என்று திருப்பி அனுப்பிவிடுவார். தொண்ணூறுகளின் பிற்பாதியில் டெல்லியில் ஆட்சி கவிழ்ந்துகொண்டே இருந்ததால் இந்த அவமானம் அவருக்கு அடிக்கடி நடந்தது.

அதற்குப் பிறகு வந்த சட்டசபைத் தேர்தலுக்குப் புதிதாக ஒரு இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், இளவயசு, விறைப்பு. மேசை மேல் வரிசையாக வைத்த எட்டையும் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "யாரிது, எட்டு ரைஃபிளோட வந்திருக்கறது?" என்றார்.

அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பத்து வருஷத்தில் முதல் தடவையாக ஒரு அதிகாரி அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார். நெஞ்சை நிமிர்த்தி, மூணு கோட்டில் ஆரம்பித்துத் தூலா வரைக்கும் மூச்சுவிடாமல் சொன்னாராம். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, லைசென்ஸ் இருக்கிறதா என்றார். இல்லை. வாங்கிய பில்? பழைய இரும்புக்கு எவன் பில் கொடுத்தான்? "அப்படிப் போய் உக்காருங்க" என்று பெஞ்சைக் காட்டினார்.

பறிமுதல் பட்டியல் அடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனால் அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், மாப்பிள்ளைக் களையோடு. லைசென்ஸ் இல்லாத எட்டு ரைஃபிள் என்று கேஸ் எழுதினால் மனுஷன் ஜெயிலிலிருந்து எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. தீப்பெட்டி ஆபீஸ் வேலையும் போகும். ஏட்டையா அவர் காதில், "இரும்புன்னு சொல்லித் தொலையும்யா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கேட்காததுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லவேளை, இன்ஸ்பெக்டருக்கே ஒரு சந்தேகம். தூத்துக்குடியிலிருந்து ஆயுதப் படையில் துப்பாக்கி பழுது பார்க்கிறவரை வரவழைத்தார். அவர் மத்தியானம் வந்தார். பூணைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஊதினால் காற்றுகூட நேராக வராது என்றார். காற்று வருவதற்கா ரஷ்யாக்காரன் இதைச் செய்தான் என்று அண்ணாச்சி அவரிடமும் சண்டைக்குப் போனார். இன்ஸ்பெக்டர் ஒரு முடிவுக்கு வந்தார். இவை எட்டும் வெறும் பழைய இரும்பு என்று சொந்தக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், சாட்சியாக இன்னொருத்தர் போட வேண்டும். போட்டால் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். போடாவிட்டால் கேஸ்.

"போட மாட்டேன்" என்றார் அண்ணாச்சி. "அய்யாதான காலைல ரைஃபிள்னு சொன்னீக."

அரை மணி நேரம் ஏட்டையா பேசினார், நான் பேசினேன். எதுவும் ஏறவில்லை. கடைசியில் விஷயம் தெரிந்து மதினி வந்தார். வத்தல் கிள்ளிய கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்திருந்தார். அழுவார், சத்தம் போடுவார் என்று பார்த்தோம். அவர் போய் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எனக்கு எண்ணெ போடத் தெரியாது பாத்துக்கிடுங்க. நீங்க உள்ள போயிட்டீகன்னா முப்பத்தெட்டத் துரு தின்னுரும். பொறவு என்னயச் சொல்லப்பிடாது."

அண்ணாச்சி மேசை மேல் கிடந்த முப்பத்தெட்டைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அடிங்க தம்பி என்றார்.

ஓடிப்போய் நாலு பிரதி அடித்து வந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். 'துருப்பிடித்த பழைய இரும்பு' என்ற இடத்தில் விரல் நின்றது.

"துரு எங்கன இருக்கு? காட்டுங்க."

இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார், ஏட்டையாவும் பார்த்தார். எட்டிலும் ஒரு பொட்டுத் துரு இல்லை. இன்ஸ்பெக்டரே, "அதை எடுத்துடுங்க" என்று என்னிடம் சொன்னார். நாலு பிரதியையும் மறுபடி அடித்தேன். அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். கீழே சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன். எட்டையும் சேலையில் சுற்றி மொபெட்டில் கட்டும்போது நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நாலு மாதம் என்னோடு பேசவில்லை. எதிரே வந்தால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார். அப்புறம் ஒருநாள் இன்ஸ்டிடியூட்டுக்குள் வந்து, சட்டைப்பையிலிருந்து, ஸ்டேஷனில் தனக்குக் கொடுத்த பிரதியை எடுத்து என் மேசையில் விரித்தார்.

"நான் போட்டது இருக்கட்டும். ஒங்க மதினி சொன்னா, போட்டேன். நீங்க எதுக்குப் போட்டீக? நெஞ்சுல கை வச்சுச் சொல்லுங்க தம்பி, இது இரும்பா?"

கடையில் நாலு பேர் இருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. விடுங்க அண்ணாச்சி, போலீஸ் காகிதம்தானே என்று சிரித்து மழுப்பிவிட்டேன். அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நாளில் கம்ப்யூட்டர் வந்து என் கடையைச் சாப்பிட்டது. நானும் ஊரை விட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கு அந்தக் கையெழுத்தைப் போட்டதில் எனக்கு வருத்தமில்லை. மறுபடி அப்படி ஒரு நிலைமை வந்தாலும் போடுவேன். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் சிரித்தேனே, அதுதான் இத்தனை வருஷமாக உறுத்துகிறது. அண்ணாச்சி அதே வீட்டில்தான் இருக்கிறார் என்று கேள்வி. இது அச்சாகிற பத்திரிகை எப்படியும் அவர் முடிவெட்டிக்கொள்ளப் போகிற கடைக்கு வந்து சேரும்.

நெஞ்சில் கை வைத்துத்தான் எழுதுகிறேன் அண்ணாச்சி. எட்டும் ரைஃபிள்தான்.