மூன்று மாமாக்களை விழுங்கிய ஸ்கிரிப்ட்

வேலை கிடைத்த முதல் வருஷத்தில் ஒருவனுக்கு ஏறும் திமிருக்கு மருந்து கிடையாது. எனக்கு அது பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழி வடிவில் ஏறியது.

எங்கள் ஊர் தங்கச் சுரங்கம் மூடுவதற்கு முந்தைய வருஷம் அக்காவுக்குக் கல்யாணம். ஊரிகத்தில் இருந்த எங்கள் வீட்டில் பத்திரிகை எழுதவே பத்து நாள் பஞ்சாயத்து. காலையில் ஒரு பெயரைச் சேர்ப்பார்கள், மாலையில் வரிசையை மாற்றுவார்கள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்கு ரயிலில் போய்வந்துகொண்டிருந்த நான் சபதம் எடுத்தேன்: "இனிமே பேனாவைத் தொடக்கூடாது. பேரை மட்டும் குடுங்க, என் ஸ்கிரிப்டே, நான் எழுதுற ப்ரோக்ராமே, பத்திரிகையை எழுதிடும்."

ஸ்கிரிப்டை ஓட்ட டைப் அடிக்கும் கமாண்ட் லைனில், பெயரை வாங்கிக்கொள்ள 'மாமா' என்று ஒரு ஆப்ஷன் வைத்தேன். அம்மாவோடு பிறந்த மாமாக்கள் நான்கு பேர். அதனால் அதே ஆப்ஷனை நான்கு முறை, பெரிய மாமாவில் தொடங்கி, மரியாதையாக வரிசைப்படி அடித்தேன். (சோதித்துப் பார்த்தது ஒரே ஒரு மாமாவை வைத்துத்தான். அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.)

வந்த பெயர்களை ஸ்கிரிப்ட் டிக்ஷனரி என்ற ஒரு அட்டவணையில் போட்டது. அதில் ஒரு ஆப்ஷனுக்கு ஒரே நாற்காலிதான். இரண்டாம் மாமா வந்து பெரிய மாமாவை எழுப்பிவிட்டார், அவரை மூன்றாமவர் எழுப்பினார், கடைசியில் மிஞ்சியது சின்ன மாமா. "ஒரு தபா படிச்சுப் பாத்துடலாமா?" என்று கேட்ட அப்பாவிடம், "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுப்பா" என்று சொல்லி, பத்திரிகை இருந்த ப்ளாப்பியை நேரே அச்சகத்தில் கொடுத்தேன்.

முதல் பத்திரிகை வழக்கப்படி மூத்த தாய்மாமனுக்கு. சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத்துக்குள் போகிறவர்களை எண்ணிக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏற்றி இறக்குவதுதான் பெரிய மாமாவின் வேலை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார்.

"இன்னாடா இது? நாலு பேரு கீழ போனா நாலு பேரும் மேல வரணும். உன் கேஜ்ல சின்னவன் மட்டும் வந்துகீறான். மீதி மூணு பேரு எங்கடா?"

"மாமா, அது டிக்ஷனரியில..."

"பேரு இல்லாத கல்யாணத்துல எனக்கு இன்னா வேலை? சீரை அந்தச் சின்னவனையே தூக்கியாரச் சொல்லு."

அம்மா அழுதாள். பெரிய மாமா சீர் கொண்டுவராமல் மணையில் உட்கார மாட்டேன் என்றாள் அக்கா. ஆனாலும் பேனாவைத் தொடுவதில்லை என்ற என் வீம்பு மட்டும் போகவில்லை. மறுநாளே டிக்ஷனரிக்குள் ஒரு பட்டியலை வைத்தேன். வருகிற மாமாவெல்லாம் யாரையும் எழுப்பாமல் அடுத்தடுத்து உட்காரட்டும் என்று. நான்கு மாமாக்களையும் வைத்துச் சோதித்தேன், அப்பாவைப் படிக்கச் சொன்னேன், திரும்ப அச்சடித்து எடுத்துக்கொண்டு பெரிய மாமா வாசலில் போய் நின்றேன்.

அவர் விரல் வைத்து எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. சரி, எல்லாம் மேல வந்தாச்சு. சீர் வரும்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

சீர் வந்தது, அக்காவும் மணையில் உட்கார்ந்தாள். ஆனால் இன்றைக்கும் குடும்பப் படம் எடுக்க நான் கேமராவைத் தூக்கினால், முதலில் நிற்க வேண்டிய பெரிய மாமா மெதுவாக நகர்ந்து வரிசையின் கோடிக்குப் போய்விடுவார்.

"இவன் எடுக்கிற படம்பா. கடைசி ஆளு மட்டுந்தான் மேல வருவான்."