திருமூர்த்தி மாமாதான் அப்பாவிடம் சொல்ல வேண்டும்

அன்புள்ள திருமூர்த்தி மாமாவுக்கு,

வெண்பா வணக்கத்துடன் எழுதுவது. நான் சௌக்கியம். பொள்ளாச்சியில் உங்கள் மூட்டுவலியும் அத்தையின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்களால் ஓர் உதவி ஆக வேண்டும். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நான் மருந்து கம்பெனியில் வேலை செய்வதாக அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அது மருந்து கம்பெனி இல்லை மாமா, பீர் ஆலை. நான் குடிப்பதில்லை, பீர் சரியாகப் புளிக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் பார்ப்பது மட்டும்தான் என் வேலை. நம் வீட்டின் முதல் பட்டதாரி பீர் ஆலையில் இருக்கிறாள் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

இப்போது அந்த ஆலையையும் மூடப்போகிறார்கள். அமெரிக்காவின் இந்த நியூவார்க் ஊரில் நூறு வருஷத்துக்கு முன்பே ஜெர்மன்காரர்கள் பெரிய பெரிய ஆலைகள் வைத்து பீர் காய்ச்சினார்களாம். அவையெல்லாம் போய், பழைய தோல் தொழிற்சாலைகளில் தாடி வைத்த பையன்கள் சின்னச் சின்ன ஆலைகள் திறந்தார்கள். நம் பக்கம் ஒருத்தர் கோழிப்பண்ணை போட்டால் ஊரே போடுமே, அப்படி. எங்கள் முதலாளி முகுந்தும் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஒன்று போட்டார். மாம்பழ பீர், ஏலக்காய் பீர் என்று ஆரம்பித்து ரசம் பீர் வரைக்கும் போனார். ரசம் பீர் குடித்தவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. அதற்குள் இந்த ஊர் இளைஞர்களுக்கு பீரே அலுத்துவிட்டது. தெருவில் ஒவ்வொன்றாக மூடி, எங்களுடையது மட்டும் மிச்சம்.

இந்த நேரம் பார்த்து, பக்கத்து ஊரான ஐசலினில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் நாகலக்ஷ்மி ஆன்ட்டிக்குக் குளிரில் இட்லி மாவு பொங்கவில்லை. ஆலையில் பாட்டில் அடுக்கும் அறை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாளே வாளியோடு வந்து நின்றார்.

"ஆன்ட்டி, இங்க வெளி ஃபுட் எதுவும் அலவ் பண்ண முடியாது. இன்ஸ்பெக்‌ஷன் வரும்," என்றார் முகுந்த்.

"வரட்டுமே கண்ணா, அவங்களுக்கும் நாலு இட்லி வச்சாப் போச்சு. நீ உன் பீரைப் பாரு, இது பாட்டுக்கு ஓரமா இருக்கும்."

மாவு பஞ்சு மாதிரி பொங்கியது. அடுத்த வாரம், நம் ஊர்க்காரர்கள் நிறைந்த ஓக் ட்ரீ ரோடே வாளிகளோடு வந்தது. சனிக்கிழமை காலை வாசலில் வரிசையைக் கண்ட முகுந்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்து, "வெல்கம்! என்ன ஃப்ளேவர் ட்ரை பண்றீங்க?" என்றார். "நீல மூடி போட்ட வாளி என்னோடது தம்பி, கொஞ்சம் எடுத்துக் குடு," என்றார் முதலில் நின்ற மாமி. பீர்த் தொட்டிகளை விலைக்குக் கேட்க அன்றுதான் ஒருவர் வந்திருந்தார். வழிந்து கிடந்த மாவில் வழுக்கி உட்கார்ந்தவர், எழுந்து போயே போய்விட்டார்.

வேலை போனால் விசாவும் போய்விடும் மாமா. ஊருக்கு வந்தால் அப்பா மாப்பிள்ளை பார்த்துவிடுவார். எனக்கு இன்னும் கொஞ்ச காலம் சொந்தக்காலில் நிற்க வேண்டும். ஆகவே அவர் நன்றாகச் சாப்பிட்டு முடித்திருக்கும்போது, அது பீர் கம்பெனி, அதுவும் மூடுகிறது, அவள் அங்கேயே வேறு வேலை தேடட்டும் என்று நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

அத்தைக்கு என் வணக்கம். கயல் குட்டிக்கு முத்தங்கள். உங்கள் ஆசி என்றும் வேண்டும், இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

தங்கள் அன்பு மருமகள்,
வெண்பா

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் முகுந்த் போன் செய்தார். பீரை நிறுத்திவிட்டு, அதே இடத்தில் இட்லி மாவு கம்பெனி தொடங்குகிறாராம். எனக்கு வேலையும் உறுதி, விசாவும் உறுதி. ஆகவே மூடுகிறது என்று மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். நம் தெருவில் தனபாக்கியம் அக்கா எட்டாவதோடு நின்று மாவு ஆட்டி விற்கிறார். என்னைக் காலேஜ் வரை படிக்க வைத்த அப்பா, அமெரிக்காவில் நானும் அதையே செய்கிறேன் என்றால் தாங்க மாட்டார். பீர் கம்பெனி என்றே சொல்லிவிடுங்கள் மாமா. நன்றாக ஓடுகிறது என்றும் சொல்லுங்கள்.