வீட்டுக்குள் ஓர் உச்ச நீதிமன்றம்

வெள்ளகோவில்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை தனபால் அவர்களுக்கு,

கந்தப்பன் எழுதுவது. நான், உங்கள் அக்கா சாமியாத்தாள், எருமைகள், எல்லாரும் சௌக்கியம். டெல்லிக் குளிரில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். மகள் லோகப்பிரியாவுக்காக அங்கே பிடித்து வைத்த அறையை விட்டுவிடவும். உச்ச நீதிமன்றத்தில் வக்கீல் தொழில் பழக அவள் வரப்போவதில்லை. தாராபுரம் கோர்ட்டுக்கு பஸ்ஸில் போய், சாயங்காலம் வீடு திரும்பினால் போதுமென்று தீர்ப்பாகிவிட்டது.

எல்லாம் முறைப்படிதான். "அரசியல் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தலாமுங்கப்பா, ஆனா அடிப்படைக் கட்டமைப்பைத் தொடக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிப்போட்டுதுங்க. பதிமூணு நீதிபதிக, ஏழுக்கு ஆறு" என்றாள் மகள். அந்த வார்த்தை சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "எங்கயுமே இல்லீங்க." அடேயப்பா! எழுதி வைக்காத அதிகாரத்துக்கு ஒரு நாடே கட்டுப்படும்போது ஒரு வீடு கட்டுப்படாதா? அன்றே நான் தலைமை நீதிபதியாகிவிட்டேன். நீதிபதிகளை நீதிபதிகளே தேர்ந்தெடுப்பார்கள் என்றும் அவள்தான் சொன்னாள். ஆகவே, என் பேச்சைத் தட்டாத உங்கள் அக்காவையும் பக்கத்துத் தோட்டத்து ஈஸ்வரமூர்த்தியையும் நானே நியமித்தேன்.

"புள்ளைகளைப் படிக்க வெச்சு ஆளாக்கறதுதானுங்க இந்த ஊட்டோட அடிப்படை. அதை அப்பாவாலயும் திருத்த முடியாதுங்க" என்று வாதாடினாள். நன்றாகத்தான் பேசினாள். ஆனால் அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன். மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "தாராபுரமே போதும், என்ன சொல்றீங்க?" என்றேன். ஈஸ்வரமூர்த்தி, "ஆகட்டுங்க" என்றார். உங்கள் அக்கா, "சேரிங்க" என்றாள். ஒருமனதான தீர்ப்பு! இதற்கு மேல் அப்பீல் கிடையாது.

உங்கள் குடும்பத்துக்குச் சகல நலமும் உண்டாகட்டும்.

அன்புடன்,
கந்தப்பன்

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது, ஒவ்வொரு நீதிபதியும் காரணத்தோடு தீர்ப்பை எழுதித் தரவேண்டும் என்றாள் மகள். நம் பக்கத்தில் முகத்துக்கு நேராக யார் மாட்டேன் என்கிறார்கள்? காகிதத்தைக் கொடுத்ததும் ஈஸ்வரமூர்த்தி, "புள்ளை போகோணும்" என்று எழுதிவிட்டு, என்னைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். உங்கள் அக்கா இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். "என்னைப் பத்தாவதோட நிறுத்திக் கல்யாணம் பேசுனப்பவும் சேரிங்கன்னுதான் சொன்னேன்" என்று தொடங்குகிறது. அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. அறையை விட்டுவிடாதீர்கள். மகள் சனிக்கிழமை ரயிலேறுகிறாள். துணைக்குத் தானும் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வருவதாக உங்கள் அக்கா சொன்னாள். நான், "சேரிங்க" என்றேன்.