நாலு கம்பி உதயகுமார்

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு நாள் காலையில், பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, தனக்குள் ஒரு கலைஞன் இத்தனை காலம் தூங்கிக்கொண்டிருந்தான் என்று கண்டுபிடிக்கிற மனித இனம் ஒன்று உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் தெருவில் ஒருவர், உங்கள் அலுவலகத்தில் ஒருவர் நிச்சயம் இருப்பார். இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் பிற்பகல் கலைஞர். இந்த இனத்தை நான் மிக அருகிலிருந்து ஆராய்ந்திருக்கிறேன். எவ்வளவு அருகில் என்றால், சட்டைக்குள் இருந்து.

பிற்பகல் கலைஞர் முதலில் வாசிக்க மாட்டார். வாங்குவார். நான் பேஸ் கிதார் வாங்கினேன், அதற்கு உறை வாங்கினேன், தோளில் மாட்டத் தோல் பட்டை, நிறுத்திவைக்கத் தாங்கி, துடைக்க மெத்தென்ற மஞ்சள் துணி, சுருதி பார்க்கச் சின்னப் பெட்டி எல்லாம் வாங்கினேன், அவை எல்லாவற்றோடும் நின்று ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் முகப்புப் படமாகவும் வைத்தேன். முன் தலையில் முடி இல்லாத குறையைப் பின் தலையில் வளர்த்து ஈடுகட்டினேன். இதற்குள் மாதம் ஒன்று ஓடிவிட்டது. கம்பியை இன்னும் தொடவில்லை.

அடுத்தது சரித்திரம். "சின்ன வயசுலேர்ந்தே ஆசை, வீட்ல விடல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்ல வேண்டும். நானும் சொன்னேன். உண்மையில் என் வீட்டில் யாரும் தடுக்கவில்லை. நான் கேட்டதே இல்லை.

பிறகு விரல். பழகத் தொடங்கியதும் விரல் நுனியில் கொப்புளம் வருமல்லவா? அதை ஊருக்குக் காட்டாமல் இருந்தால் அவர் பிற்பகல் கலைஞரே அல்ல. நான் வேலை பார்ப்பது தபால் நிலையக் கவுண்டரில். சேலைப் பார்சல் அனுப்ப வந்த கடைக்காரர் ஒருவருக்குத் தபால்தலையோடு கொப்புளத்தையும் காட்டினேன். அவர் அக்கறையோடு பார்த்து, "பிரிண்டர்ல கை மாட்டிக்கிச்சா சார்?" என்றார்.

என் மைத்துனன் குமாரசாமி இன்னும் நேரடியான ஆள். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இன்னா மாமா, ரெண்டு கம்பி அறுந்துபோய்க் கெடக்குது? கடைக்காரன் ஏமாத்திட்டான் போல."

"பேஸ் கிதாருக்கு நாலு கம்பிதான்" என்றேன்.

"அப்ப பாதி வெலைக்குக் குடுக்கணுமே."

இப்படிப்பட்ட ரசிகர்களை வைத்துக்கொண்டுதான் செவிலிமேட்டில் சாமுவேலின் இன்னிசைக் குழுவில் சேர்ந்தேன். சாமுவேல் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், கீபோர்டு வாசிப்பார். டிரம்ஸ் அடிப்பது சுகாசினி, தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அவர்களுக்கு பேஸ் வாசித்துக்கொண்டிருந்த தினேஷ் துபாய்க்குப் போய்விட்டான். என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். வேறு யாரும் கிடைக்கவில்லை என்பது இன்னொரு காரணம்.

"எங்க வீட்ல தலைமுறை தலைமுறையா தறி ஓடுது. தாளம் எங்களுக்குக் கால்லயே இருக்குது" என்று முதல் நாளே சுகாசினியிடம் சொல்லிவைத்தேன். கூட வந்திருந்த என் மனைவி மஹாலட்சுமி வாயைத் திறந்தாள். "தறி மிதிக்கிறது நாந்தாம்மா. இவரு பக்கத்துல குந்திக்கினு டீ குடிப்பாரு."

சுகாசினி சிரிக்கவில்லை. "பரவால்லண்ணா. நாலு கம்பியில ஒண்ணு போதும். ஒழுங்கா ஒரே நோட்டு அடிங்க, நான் பாத்துக்கறேன்."

ஒரே நோட்டு, அதாவது ஒரே ஸ்வரம். ஒரு கலைஞனிடம் பேசுகிற பேச்சா இது?

குழுவில் பாடுகிறவள் சாமுவேலின் மகள் கிரேஸ். நல்ல குரல். ஆனால் கல்லூரி மேடையில் ஒருமுறை பாட்டு நடுவில் சுருதி தவறி நின்றுபோய், கூட்டம் சிரித்துவிட்டது. அதன் பிறகு அவள் வெளியில் பாடவே இல்லை. பக்கத்து ஊர் ஓரிக்கையில் அவளுடைய அத்தை மகளின் திருமண வரவேற்பு. அதில் பாடுகிறேன் என்று அவளே வாய்விட்டுச் சொன்னதும் சாமுவேல் ஒத்திகைக்கு ஒத்திகை எங்களுக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். "பாப்பாவுக்கு பேஸ்தான் காதுல விழணுமாம் சார். அதப் புடிச்சிக்கினுதான் பாடுறா" என்று என்னிடம் மட்டும் சொன்னார். அதைக் கேட்டு நான் பொறுப்பை உணர்ந்தேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. என் முக்கியத்துவத்தை உணர்ந்தேன்.

வரவேற்பன்று தபால் நிலையமே வந்திருந்தது. நான் அழைத்த அழைப்பு அப்படி. மாப்பிள்ளை வீட்டார்கூட அவ்வளவு பேரை அழைத்திருக்க மாட்டார்கள். மேடையில் ஒரு பெரிய பூ வளைவுக்குப் பின்னால் எனக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். கிரேஸ் ஒரு மெதுவான பழைய பாட்டைத் தொடங்கினாள். முதலில் குரல் நடுங்கியது, பிறகு நிலைத்தது, சரணத்துக்கு வரும்போது தட்டை ஏந்திக்கொண்டிருந்தவர்கள்கூட மெல்லுவதை நிறுத்தினார்கள். சுகாசினி சொன்ன நோட்டைச் சொன்னபடி அடித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முன் வரிசையில் குமாரசாமி செல்போனை உயர்த்திப் பிடித்தபடி, இன்னொரு கையால் காதைத் தொட்டு, கேட்கவில்லை என்று சைகை காட்டினான். கேட்கவில்லையா? ஸ்பீக்கர் பெட்டியில் சத்தத்தைக் கூட்டினேன். பூ வளைவுக்கு வெளியே ஓர் அடி வந்தேன். யூடியூபில் பார்த்துக் குளியலறை வாசலில் ரகசியமாகப் பழகியிருந்த ஒரு வேகமான விரலோட்டத்தை எடுத்து விட்டேன். ஒரு கட்டம் தள்ளி விரலை வைத்துவிட்டேன் என்பது விட்ட பிறகுதான் தெரிந்தது.

கிரேஸின் குரல் என் தப்பான நோட்டின் பின்னாலேயே போயிற்று. போய், நின்றுவிட்டது.

கூடம் முழுக்க ஸ்பூன் சத்தம் மட்டும். யாரோ ஒருவர் சிரிப்பது போலத் தொண்டையைச் செருமினார். சாமுவேல் கீபோர்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தார், அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கிரேஸ் மைக்கைப் பிடித்தபடி செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில் பிற்பகல் கலைஞர் என்ன செய்வார்? குனிந்து கேபிளைப் பார்ப்பார். நானும் குனிந்தேன்.

"கேபிள் நல்லாத்தான் இருக்குதுண்ணா" என்றாள் சுகாசினி, தாளத்தை மெதுவாக விடாமல் அடித்தபடி. நோயாளியிடம் பேசுகிற குரல். "நிமிருங்க. பழைய நோட்டு அடிங்க. வேற ஒண்ணும் வாணாம்."

அடித்தேன். திரும்பத் திரும்ப அதே ஒன்றை. வாழ்க்கையில் முதல் தடவையாக, என்னை யாரும் பார்க்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டு வாசித்தேன். கிரேஸ் தலையைத் திருப்பிக் கேட்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பல்லவியிலிருந்து எடுத்தாள். இந்த முறை கடைசி வரை போனாள். கை தட்டல் ஓய்வதற்கு முன்பே சாமுவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு இடத்தில், தட்டோடு நின்றுகொண்டிருந்த கிரேஸிடம் போனேன். "பாப்பா, அது என் தப்பு."

"தெரியும் அங்கிள்" என்றாள். "காலேஜ்ல நின்னு போனப்ப திரும்பி வர்றதுக்கு எடமே கெடைக்கல. இன்னைக்கு நீங்க அங்கயே இருந்தீங்க."

அவள் தட்டில் இன்னொரு ஜாங்கிரி வைத்தேன்.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று முடித்தால் உங்களுக்குப் பிடிக்கும். திங்கட்கிழமை அலுவலகத்தில், பாட்டை மறந்து நின்ற ஒரு பெண்ணை ஒரே ஒரு நோட்டால் மேடையில் காப்பாற்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எதனால் நின்றாள் என்ற சின்ன விவரத்தைச் சொல்ல நேரம் போதவில்லை. குமாரசாமி எடுத்த வீடியோவில் பூ வளைவும் என் முழங்கையும் இருக்கின்றன. முழங்கை நன்றாக வந்திருக்கிறது. பார்க்க விரும்பினால் அனுப்புகிறேன்.

சிரியுங்கள், பரவாயில்லை. போகும் முன் ஒரு செய்தி: சாமுவேல் இப்போது புல்லாங்குழலுக்கு ஆள் தேடுகிறார், முன் அனுபவம் தேவையில்லை, வயது வரம்பும் இல்லை.

உதட்டை ஏன் குவிக்கிறீர்கள்?